ரிம் மாற்றும் முன்: ஆஃப்செட்டை அளப்பதும் கணக்குப் போடுவதும்

பெங்களூரு ஜே.சி. ரோட்டில் எந்த ரிம் கடையில் ஏறினாலும் முதலில் காதில் விழுவது, "உங்க வண்டிக்கு பக்காவா உட்காரும் சார்" என்பதுதான். போல்ட் துளைகள் பொருந்தினால் ரிம் உட்காரும், அதில் பொய் இல்லை. உட்கார்ந்த பிறகு டயர் உள்ளே ஸ்ட்ரட்டில் (ஸ்ப்ரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூண்) உரசுமா, வெளியே ஃபெண்டரை (சக்கரத்துக்கு மேல் வளைந்திருக்கும் தகடு) தாண்டி நிற்குமா என்பதைத் துளைகள் சொல்லாது. அதைச் சொல்வது ரிம்மின் அகலம், ஆஃப்செட், டயரின் அகலம் ஆகிய மூன்றும் சேர்ந்த கணக்கு. கால்குலேட்டரில் ஐந்து நிமிட வேலை. ஆனால் அளவுகள் சரியாக இருக்க வேண்டும், தவறு நடப்பதெல்லாம் அளப்பதில்தான்.

ஆஃப்செட் என்பது இவ்வளவுதான்: ரிம்மை அகலவாக்கில் சரிபாதியாக வெட்டுவதுபோல ஒரு நடுக்கோடு கற்பனை செய்துகொள்ளுங்கள். ரிம் போய் ஹப்பில் (வண்டியில் சக்கரத்தை மாட்டும் சுழலும் பகுதி) ஒட்டும் முகம் அந்த நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்பதே ஆஃப்செட். முகம் தெருப்பக்கம் தள்ளியிருந்தால் பாசிட்டிவ், வண்டிப்பக்கம் தள்ளியிருந்தால் நெகட்டிவ். நடுக்கோட்டிலேயே இருந்தால் பூஜ்யம். நம் ஊரில் ஓடும் ஹேட்ச்பேக், செடான் எல்லாவற்றிலும் பாசிட்டிவ்தான், பெரும்பாலும் 35க்கும் 50க்கும் இடையில். ஜிம்னி போன்ற வண்டிக்கு வெறும் 5. அதனால்தான் ஜிம்னிக்குப் பொருந்தும் ரிம்மின் முகம் குழியாகவும், ஸ்விஃப்ட்டின் ரிம் முகம் வெளியே தட்டையாகவும் தெரிகிறது.

எண் குறைந்தால் சக்கரம் வெளியே வரும், கூடினால் உள்ளே போகும். இதை மட்டும் தலைகீழாக நினைவில் வைத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

ரிம்மிலேயே எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்

அளக்கும் முன் ரிம்மைத் திருப்பி, ஸ்போக்குகளின் பின்பக்கத்தையும் போல்ட் துளைகளைச் சுற்றியுள்ள இடத்தையும் துணியால் துடைத்துப் பாருங்கள். பிரேக் தூசியின் அடியில் '6½ஜே×16 எச்2 ஈ.டி.45' என்ற பாணியில் வார்த்திருக்கும். 6½ என்பது அங்குலத்தில் அகலம். ஜே என்பது விளிம்பின் வடிவம். 16 விட்டம். எச்2 என்றால் டயர் நழுவாமலிருக்க உள்ளே இரண்டு மேடுகள். ஈ.டி.45 என்பது ஆஃப்செட் 45 மி.மீ. சில தயாரிப்பாளர்கள் ஈ.டி. என்று போடாமல் ஐ.எஸ். என்றோ வெறும் +45 என்றோ போடுவார்கள். பக்கத்தில் கிலோவில் ஒரு எண் இருந்தால் அது அந்த ஒரு ரிம் தாங்கும் உச்ச எடை. உங்கள் வண்டியின் கனமான அச்சில் முழுப் பாரம் ஏறும்போது வரும் எடையில் பாதியைவிட அது கூடுதலாக இருக்க வேண்டும்.

வண்டியில் இப்போது இருப்பது இரும்பு ரிம் என்றால் எழுத்து சிறிதாக, காற்று வால்வின் அருகிலோ நடுத் துளையைச் சுற்றியோ அடித்திருக்கும். துரு மேலேறியிருந்தால் கம்பி பிரஷ் வேண்டும்.

மலிவான அலாய்களில் விட்டமும் அகலமும் இருக்கும், ஆஃப்செட் இருக்காது. கடைக்காரரிடம் "இதர ஆஃப்செட் எஷ்டு?" (இதன் ஆஃப்செட் எவ்வளவு?) என்று கன்னடத்தில் கேட்டாலும் சரி, தமிழில் கேட்டாலும் சரி, "ஸ்டாண்டர்டு" என்று பதில் வந்தால் ஸ்கேலை எடுத்துவிட வேண்டியதுதான். அப்படி ஒரு ஸ்டாண்டர்டு கிடையாது. அலாய் ரிம்முக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 16192. அந்தக் குறியோ உச்ச எடையோ இல்லாத ரிம்மை ஆஃப்செட் பொருந்தினாலும் வாங்காதீர்கள்.

டயர் இல்லாத ரிம்மை அளப்பது

வேண்டியவை: 75 செ.மீ. நீள அலுமினியச் சதுரக் குழாய் ஒன்று, 30 செ.மீ. ஸ்டீல் ஸ்கேல், வெர்னியர் கேலிப்பர், சாக்பீஸ். எல்லாம் எஸ்.ஜே.பி. ரோட்டில் ஒரே தெருவில் கிடைக்கும். குழாய் நேராக இருக்கிறதா என்று கடையிலேயே கண்ணாடி மேசை மேல் வைத்து உருட்டிப் பாருங்கள். மரச்சட்டம் வேண்டாம், வளைந்திருக்கும்.

ரிம்மின் முகம் கீறாமலிருக்க அட்டைமேல் குப்புறப் போடுங்கள். வண்டிப்பக்க விளிம்பு மேலே பார்த்திருக்கும். குழாயை மையத்தின் வழியாகக் குறுக்கே வையுங்கள். குழாயின் அடிப்பகுதியிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம்வரை ஸ்கேலை நேர்குத்தாக இறக்கி அளவெடுங்கள். இதற்குப் பேக் ஸ்பேசிங் என்று பெயர்.

எடையைக் குறைக்க, போல்ட் துளைகளுக்கு நடுவே குழி தோண்டி வார்த்திருப்பார்கள். ஸ்கேல் அந்தக் குழிக்குள் இறங்கினால் 3 முதல் 10 மி.மீ. வரை கூடுதலாகக் காட்டும். ஹப்பில் நிஜமாகவே அழுந்தும் மேட்டில்தான் ஸ்கேலின் நுனி நிற்க வேண்டும். பழைய ரிம் என்றால் அந்த மேடு பளபளவென்று தேய்ந்திருக்கும், அடையாளம் காண்பது சுலபம்.

குழாயைச் சுழற்றி நான்கு இடத்தில் எடுங்கள். அளவுகள் 1 மி.மீ.க்கு மேல் ஆடினால் விளிம்பு வளைந்திருக்கிறது என்று பொருள். பழைய ரிம் வாங்குபவர்களுக்கு இது இலவசப் பரிசோதனை: நம் ஊர்ப் பள்ளங்களில் விழுந்து எழுந்த ரிம் பெரும்பாலும் உள் விளிம்பில்தான் வளையும், கடையில் முகத்தை மட்டும் மெருகேற்றி வைத்திருப்பார்கள்.

அடுத்து மொத்த அகலம். ரிம்மைத் திருப்பி, உள் விளிம்பு தரையில் படும்படி சமமான கிரானைட் தரையில் வையுங்கள். தரையிலிருந்து வெளி விளிம்பின் உச்சிவரை நான்கு இடத்தில் அளந்து சராசரி எடுங்கள். ஸ்போக் வெளியே பிதுங்கியிருந்தால் அதை அளக்கக் கூடாது, விளிம்பு மட்டும்.

இப்போது கணக்கு: ஆஃப்செட் = பேக் ஸ்பேசிங் − மொத்த அகலத்தில் பாதி.

பேக் ஸ்பேசிங் 134, மொத்த அகலம் 178 என்று வந்தால் 134 − 89 = 45. பாசிட்டிவ் 45. விடை மைனஸில் வந்தால் நெகட்டிவ் ஆஃப்செட்.

கவனிக்க வேண்டியது, 178 என்பது 6 அங்குல ரிம்தான். 6 அங்குலம் என்றால் 152.4 மி.மீ. அல்லவா என்று தோன்றும். ரிம்மில் எழுதியிருக்கும் அகலம் டயரின் பீட் (ரிம்மைப் பிடிக்கும் டயரின் உள்விளிம்பு) உட்காரும் இரண்டு இடங்களுக்கு இடைப்பட்ட தூரம். அதற்கு வெளியே இரு பக்கமும் விளிம்பின் தடிமன் இருக்கிறது, அலாயில் தோராயமாகப் பக்கத்துக்கு 12, 13 மி.மீ. எழுதிய அகலத்தை அப்படியே பாதியாக்கி 134 − 76 = 58 என்று விடை எடுப்பதுதான் இந்த விஷயத்தில் மிகப் பரவலான தவறு. ஒரேயடியாக 13 மி.மீ. பிசகு.

இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் வேறொரு வழி உண்டு. அலங்காரத்துக்காக வெளி விளிம்பைத் தடிமனாக வார்த்த ரிம்களில் மொத்த அகலத்தின் பாதி, நிஜ நடுக்கோட்டில் விழாது. அப்போது உள் விளிம்பின் தடிமனை மட்டும் கேலிப்பரால் எடுங்கள்: விளிம்பின் வெளி நுனியிலிருந்து டயரின் பீட் வந்து அழுந்தும் செங்குத்துச் சுவர்வரை. அது 12.8 என்றால், 134 − 12.8 = 121.2. அதிலிருந்து எழுதிய அகலத்தின் பாதியான 76.2ஐக் கழித்தால் 45. இரண்டு வழியிலும் விடை 1, 2 மி.மீ.க்குள் ஒத்துப்போனால் அளவு சரி.

மொத்த அகலத்தில் 1 மி.மீ. பிசகினால் விடையில் அரை மி.மீ.தான் கெடும். பேக் ஸ்பேசிங்கில் 1 மி.மீ. பிசகினால் முழுசாக 1 மி.மீ. கெடும். நேரத்தைச் செலவிட வேண்டிய இடம் அதுதான்.

டயரோடு இருந்தால்

டயரின் பக்கச்சுவர் விளிம்பைவிடப் பிதுங்கியிருப்பதால் குழாய் ரப்பர்மேல் உட்காரும். குழாயிலிருந்து ஹப் முகம்வரை ஒரு அளவு, குழாயிலிருந்து ரிம் விளிம்புவரை இன்னொரு அளவு எடுத்துக் கழியுங்கள். 141, 7 என்று வந்தால் பேக் ஸ்பேசிங் 134. மொத்த அகலத்துக்கு, படுத்த நிலையில் தரையிலிருந்து குழாயின் அடிவரை அளந்து, இரு பக்கப் பிதுக்கங்களையும் கழிக்க வேண்டும். ஸ்போக் தரையில் முட்டினால் ஒரே தடிமனுள்ள இரண்டு மரக்கட்டைகளைப் பக்கச்சுவரின் அடியில் கொடுத்து, அந்தத் தடிமனையும் கழியுங்கள். காற்று சரியான அழுத்தத்தில் இருக்கட்டும். பாதிக் காற்றில் பிதுக்கம் மாறும்.

வண்டியில் எவ்வளவு இடம் இருக்கிறது?

ரிம்மின் எண் தெரிந்து என்ன பயன், வண்டியில் இருக்கும் இடம் தெரியாவிட்டால்? பலர் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நண்பரின் வண்டியில் ஈ.டி.38 ஓடுகிறது, நமக்கும் ஓடும் என்று வாங்குவார்கள். ஒரே மாடலில் வேரியன்டுக்கு வேரியன்டு பிரேக்கும் ஸ்ப்ரிங்கும் மாறும்.

சமதளத்தில் நிறுத்துங்கள். அடுக்குமாடியின் பேஸ்மென்ட் தரை வடிகாலுக்காகச் சாய்த்துப் பூசியிருக்கும், அதைத் தவிர்க்கவும். ஸ்டீயரிங் நேராக, டயரில் சரியான காற்று.

வெளிப்பக்க இடம்: ஒரு நூலின் நுனியில் கனமான நட்டைக் கட்டி, ஃபெண்டர் வளைவின் உச்சியில் டேப் போட்டு ஒட்டித் தொங்கவிடுங்கள். நூலிலிருந்து டயர் பக்கச்சுவரின் மிகப் பிதுங்கிய இடம்வரை அளவெடுங்கள். நான்கு சக்கரத்திலும் எடுங்கள். இடமும் வலமும் 3, 4 மி.மீ. மாறுவது சாதாரணம். குறைந்த எண்ணைக் கணக்கில் கொள்ளுங்கள்.

உட்பக்க இடத்துக்குப் பிள்ளைகள் விளையாடும் களிமண் போதும். முன்சக்கரத்தைக் கழற்றுங்கள், வண்டி ஜாக்கியில் மட்டும் நிற்கக் கூடாது, ஸ்டாண்டு கொடுக்க வேண்டும். ஸ்ட்ரட் குழாயிலும், அதன்மேல் ஸ்ப்ரிங் உட்காரும் தட்டின் விளிம்பிலும் எதிர்பார்க்கும் இடைவெளியைவிடத் தடிமனாகக் களிமண்ணை அப்பி, டயரில் ஒட்டாமலிருக்க மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றுங்கள். சக்கரத்தை மாட்டி நட்டுகளை இறுக்கி, மறுபடி கழற்றுங்கள். நசுங்கி நிற்கும் களிமண்ணின் தடிமன்தான் உங்கள் உள் இடைவெளி. டயருக்கு நேரே ஒன்று, ரிம் விளிம்புக்கு நேரே ஒன்று என்று இரண்டையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். பின்சக்கரத்திலும் ஷாக், ஹேண்ட்பிரேக் கேபிள், உள் லைனர் (சக்கரக் குழியின் உள்ளே உள்ள உறை) பக்கம் இதையே செய்யுங்கள்.

எவ்வளவு மிச்சம் விட வேண்டும்? மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்டின் கீழ்க்குழாய் சக்கரத்தோடு சேர்ந்தே ஏறி இறங்கும், திரும்பும். அதனால் ஸ்ட்ரட்டுக்கும் டயருக்கும் உள்ள இடைவெளி ஹம்ப்பில் ஏறினாலும் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பினாலும் மாறாது. அங்கே 5 மி.மீ. மிச்சம் இருந்தால் போதும். ஃபெண்டர், லைனர், ஆன்டிரோல் பார், சேசிஸ் இவை அப்படியல்ல. சக்கரம் ஆடும்போது இவை அசையாமல் நிற்கும் அல்லது வேறு திசையில் அசையும். அங்கே 10 மி.மீ.க்குக் குறையக் கூடாது. பின்னிருக்கையில் மூன்று பேர், டிக்கியில் ஊருக்குப் போகும் மூட்டை என்று ஏறும் வண்டிக்குப் பின்பக்கம் இன்னும் கொஞ்சம் விடுங்கள்.

கணக்கு

ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். இப்போது 5½ஜே ரிம், ஈ.டி.45, டயர் 185/65 ஆர்15 (அகலம் 185 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் விட்டம் 15 அங்குலம்). வெளியே 22 மி.மீ. இடம், உள்ளே ஸ்ட்ரட்டுக்கு 14 மி.மீ. இடம் இருக்கிறது.

எல்லாவற்றையும் ஹப் முகத்திலிருந்து அளந்தால் குழப்பமே இல்லை. உள் எல்லை = டயர் அகலத்தில் பாதி + ஆஃப்செட். வெளி எல்லை = டயர் அகலத்தில் பாதி − ஆஃப்செட்.

இப்போதைய டயருக்கு உள் எல்லை 92.5 + 45 = 137.5. வெளி எல்லை 92.5 − 45 = 47.5.

வண்டியின் இடத்தைச் சேர்த்தால், உள்ளே 14இல் 5 மிச்சம் விட்டு 9 மி.மீ. பயன்படுத்தலாம். எனவே உள்ளே போகக்கூடிய எல்லை 146.5. வெளியே 22இல் 10 விட்டு 12 மி.மீ. எனவே வெளி எல்லை 59.5. இந்த இரண்டு எண்களையும் கைபேசியில் எழுதி வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். எந்த ரிம்மைக் காட்டினாலும் நின்ற இடத்திலேயே சரிபார்க்கலாம்.

16 அங்குலத்துக்கு மாற நினைக்கிறீர்கள், 6ஜே ரிம்மில் 195/55 ஆர்16. பழைய டயரின் விட்டம் 621.5 மி.மீ., இதன் விட்டம் 620.9. ஸ்பீடோமீட்டருக்கு வித்தியாசமே தெரியாது. டயரின் பாதி 97.5. உள்பக்கம் இடிக்காமலிருக்க ஆஃப்செட் 146.5 − 97.5 = 49ஐத் தாண்டக் கூடாது. வெளியே வராமலிருக்க 97.5 − 59.5 = 38க்குக் குறையக் கூடாது. ஆக 38 முதல் 49 வரை எதுவும் பொருந்தும். ஈ.டி.40 கிடைத்தால் உள் எல்லை பழைய 137.5ஆகவே இருக்கும், வெளியே 10 மி.மீ. மட்டும் வரும். பார்க்கவும் நன்றாயிருக்கும், உரசவும் உரசாது. 45 கிடைத்தால் இன்னும் நல்லது, காரணம் பின்னால் வருகிறது.

கடைகளில் அதிகம் தொங்குவது 7ஜே, ஈ.டி.35. அதில் 205/50 ஆர்16 போட்டுப் பார்ப்போம். இந்த டயரின் அகலம் 6½ஜே ரிம்மில் அளந்து சொல்வது. ரிம் அரை அங்குலம் அகலமானால் டயர் சுமார் 5 மி.மீ. விரியும். எனவே 7ஜேயில் 210 என்று கொள்ளுங்கள், பாதி 105. உள்ளே இடிக்காமலிருக்க ஆஃப்செட் 41.5க்கு மேல் போகக் கூடாது. வெளியே வராமலிருக்க 45.5க்குக் கீழே போகக் கூடாது. இரண்டும் சந்திக்கவே இல்லை. அதாவது இந்த அகலத்துக்கு எந்த ஆஃப்செட்டும் பொருந்தாது. ஆஃப்செட் சக்கரத்தை உள்ளே வெளியே நகர்த்தும், இல்லாத இடத்தை உண்டாக்காது. உங்கள் வண்டியில் கூடுதலாக இருப்பது 9 + 12 = 21 மி.மீ., டயர் கேட்பது 25. கடைக்காரர் மாட்டும் ஈ.டி.35இல் வெளி எல்லை 70, அதாவது பழையதைவிட 22.5 மி.மீ. வெளியே. ஃபெண்டரின் நூலைத் தாண்டி நிற்கும்.

ரிம் விளிம்புக்கும் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் முனையும் ஸ்ட்ரட்டின் அடிப்பகுதியும் ரிம்முக்குத்தான் நெருக்கம். உள்ளே நகர்வது = அகல வித்தியாசத்தில் பாதி + (புது ஆஃப்செட் − பழைய ஆஃப்செட்). வெளியே நகர்வது = அகல வித்தியாசத்தில் பாதி − அதே வித்தியாசம். 5½இலிருந்து 6க்குப் போனால் அகல வித்தியாசம் 12.7, பாதி 6.35. ஈ.டி. 45இலிருந்து 40 என்றால் உள்ளே 6.35 − 5 = 1.35 மி.மீ., வெளியே 11.35. களிமண்ணில் ரிம்முக்கு நேரே எடுத்த அளவோடு ஒப்பிடுங்கள்.

விட்டம் கூடும் டயர் போட்டால் மட்டும் களிமண் அளவை நம்பாதீர்கள். டயரின் உச்சி மேலே போய் ஸ்ப்ரிங் தட்டுக்குக் கிட்டே வரும். நெருக்கமான புள்ளியே மாறிவிடும்.

ஆஃப்செட் சரி, ஆனாலும் பொருந்தவில்லை

இது நடக்கும். ஆஃப்செட் ரிம்மின் நடுக்கோட்டை மட்டும் சொல்கிறது, ஸ்போக் பிரேக் கேலிப்பரை (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பகுதி, அளக்கும் கேலிப்பர் அல்ல) எவ்வளவு விட்டு வளைகிறது என்பதைச் சொல்வதில்லை. ஒரே ஈ.டி.40இல் ஒரு டிசைன் கேலிப்பரைத் தாண்டும், இன்னொன்று முட்டும். தடிமனான அட்டையில் கேலிப்பரின் வெளிவடிவத்தை ஹப் முகத்தை ஆதாரமாக வைத்து வெட்டி எடுத்துக்கொண்டு போய் ரிம்முக்குள் சுழற்றிப் பாருங்கள். குறைந்தது 3 மி.மீ. இடைவெளி வேண்டும். பேலன்சிங்கில் உள்ளே ஒட்டும் எடைகளின் தடிமனையும் நினைவில் வையுங்கள். மாட்டும்போது சுழன்ற சக்கரம் பேலன்ஸ் செய்த பிறகு 'டக் டக்' என்று சத்தம் போடுவது இதனால்தான்.

நடுத் துளை: பலேனோ, ஸ்விஃப்ட், ஐ20 போன்றவற்றின் ஹப் மேடு (ரிம்மின் நடுத் துளைக்குள் நுழையும் பகுதி) 54.1 மி.மீ., சிட்டிக்கு 56.1, இன்னோவாவுக்கு 60.1, கிரெட்டாவுக்கு 67.1, போலோவுக்கு 57.1. வெளிச்சந்தை ரிம்களில் துளை பெரும்பாலும் 73.1 அல்லது 67.1. இடைவெளிக்குச் சரியான வளையம் போடாவிட்டால் ரிம் அரை மி.மீ. தள்ளி உட்காரும். சில்க் போர்டு நெரிசலில் இந்த ஆட்டம் தெரியவே தெரியாது, நைஸ் ரோட்டில் 80, 90 தொடும்போது ஸ்டீயரிங் நடுங்கும். பேலன்சிங் கடைக்கு நாலு தடவை போய்ப் பணம் கொடுத்தும் தீராத நடுக்கம் பல நேரம் ஒரு சின்ன வளையத்தில் தீர்ந்துவிடும்.

பி.சி.டி.யை (போல்ட் துளைகளின் மையங்கள் வழியே போகும் வட்டத்தின் விட்டம்) சரிபார்க்க: நான்கு துளை ரிம்மில் எதிரெதிர்த் துளைகளின் மையத்துக்கு மையம் அளந்தால் அதுவே பி.சி.டி. ஐந்து துளையில் பக்கத்துத் துளைகளின் மைய தூரத்தை 0.588ஆல் வகுக்கவும்: 58.8 என்றால் 100, 67.2 என்றால் 114.3.

நட்டின் வடிவமும் மாறும். பெரும்பாலான வெளிச்சந்தை அலாய்களுக்குக் கூம்பு நட்டு. ஹோண்டாவின் ஒரிஜினல் நட்டும் போலோவின் போல்ட்டும் உருண்டை வடிவம். உருண்டையைக் கூம்புக் குழியில் இறுக்கினால் ஒரு கோட்டில் மட்டும் பிடிக்கும், ஓடும்போது தளரும்.

ஸ்பேசர்

10 மி.மீ. ஸ்பேசர் (ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவே வைக்கும் தட்டு) போட்டால் ஈ.டி.45 ரிம், ஈ.டி.35போல நடந்துகொள்ளும். கணக்கு அவ்வளவுதான், சிக்கல் ஸ்டட்டில் (ஹப்பிலிருந்து நீட்டி நிற்கும், நட்டு ஏறும் திருகு) இருக்கிறது. ஸ்பேசர் தின்ற அளவுக்கு நட்டுக்குள் போகும் மரை குறையும். 12 மி.மீ. ஸ்டட்டில் குறைந்தது 12 மி.மீ. ஆழம் பிடிக்க வேண்டும். மாருதியின் 1.25 மி.மீ. பிட்ச்சில் (மரைக்கு மரை உள்ள இடைவெளி) அது ஒன்பதரைச் சுற்று, ஹோண்டா, ஹூண்டாய், டொயோட்டாவின் 1.5 பிட்ச்சில் எட்டுச் சுற்று. கையால் நட்டைச் சுற்றி எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை குறைந்தால் நீளமான ஸ்டட் மாற்றாமல் ஓட்டக் கூடாது. மெல்லிய ஸ்பேசர்கூட ஹப் மேட்டை மூடிவிடும் என்பதால் ஸ்பேசரிலேயே மேடு உள்ளதாக வாங்க வேண்டும். ஒவ்வொரு ஸ்டட்டிலும் இரண்டு வாஷர் போட்டு 'அட்ஜஸ்ட்' செய்யும் கடையைப் பார்த்தால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

குறைந்த ஆஃப்செட்டின் விலை

வெளியே தள்ளி நிற்கும் சக்கரம் கண்ணுக்கு மிடுக்காக இருக்கும். ஸ்டீயரிங் அச்சை மேலிருந்து கீழே நீட்டினால் அது தரையைத் தொடும் புள்ளிக்கும், டயர் தரையில் பதியும் நடுவுக்கும் உள்ள தூரம் ஸ்க்ரப் ரேடியஸ். ஆஃப்செட் எத்தனை மி.மீ. குறைகிறதோ அத்தனை மி.மீ. இந்தத் தூரம் வெளிப்பக்கம் நகரும். முன்சக்கர டிரைவ் கார்கள் பலவற்றில் இதைப் பூஜ்யத்துக்கு அருகிலோ சிறு நெகட்டிவிலோ வைத்து வடிவமைத்திருக்கிறார்கள், ஒரு பக்கம் பிரேக் குறைவாகப் பிடித்தாலும் வண்டி இழுக்காமல் இருப்பதற்காக. 20 மி.மீ. வெளியே தள்ளினால் அந்த ஏற்பாடு போய், ஒரு சக்கரம் பள்ளத்தில் விழும்போது ஸ்டீயரிங் கையைப் பிடுங்கும். வீல் பேரிங்கின் மேல் வளைக்கும் சுமை கூடும், ஊளைச் சத்தம் சீக்கிரம் வரும். மழைக்காலத்தில் கதவும் கண்ணாடியும் சேறாவது தனிக்கதை. ஒரிஜினல் ஆஃப்செட்டிலிருந்து 5 மி.மீ.க்குள் நிற்பது நிம்மதி, 10க்கு மேல் குறைக்க வேண்டிய அவசியம் தெருவில் ஓடும் காருக்கு வராது. எனவேதான் மேலே 40ஐவிட 45 மேல் என்றது.

சட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரக் குறிப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உங்கள் மாடலின் உயர்ந்த வேரியன்டில் நிறுவனமே கொடுக்கும் ரிம் அளவைத் தேர்ந்தால் ஆஃப்செட் கவலையும் இந்தக் கவலையும் ஒருசேரத் தீரும். டயரின் லோடு இண்டெக்ஸும் (ஒரு டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் எண்) குறையக் கூடாது: 185/65 ஆர்15க்கு வழக்கமாக 88, அதாவது 560 கிலோ. 195/55 ஆர்16 சாதாரணமாக 87, 545 கிலோதான். எக்ஸ்.எல். (கூடுதல் பாரம் தாங்கும்) வகையில் 91, 615 கிலோ கிடைக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள்.

மாட்டிய பிறகு

நான்கையும் வாங்கி டயர் ஏற்றும் முன், ஒரு வெறும் ரிம்மை மட்டும் முன்னும் பின்னும் மாட்டிக் கையால் சுழற்றிப் பார்க்கக் கடையில் அனுமதி கேளுங்கள். டயர் ஏற்றியபின் எந்தக் கடையும் திருப்பி எடுக்காது.

டயரோடு மாட்டியதும் நட்டுகளை நட்சத்திர வரிசையில் டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள்: ஹோண்டாவுக்கு 108 நியூட்டன் மீட்டர், டொயோட்டாவுக்கு 103, போலோவுக்கு 120. மற்றவற்றுக்கு வண்டியின் கையேட்டைப் பாருங்கள். காற்றுத் துப்பாக்கியால் மட்டும் இறுக்கிவிட்டு அனுப்பினால் வீட்டுக்கு வந்து தளர்த்தி மறுபடி இறுக்குங்கள். 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் இன்னொரு முறை.

ஃபெண்டரின் உள்விளிம்பிலும் லைனரிலும் சாக்பீஸ் தடவுங்கள். பின்னிருக்கையில் ஆளேற்றி, பேஸ்மென்ட் சரிவில் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி மெதுவாக ஏறி இறங்குங்கள். முழுத் திருப்பமும் முழு அழுத்தமும் ஒன்றாக வருவது அங்கேதான். ஒரு ஹம்ப்பைக் குறுக்காக, ஒரு சக்கரம் மட்டும் ஏறும்படியும் கடக்கவும். இறங்கிப் பார்த்தால் சாக்பீஸ் அழிந்த இடம்தான் உரசும் இடம். லைனரில் லேசாகப் பட்டால் அதன் கிளிப்பைச் சரிசெய்யலாம். ஃபெண்டரின் தகட்டு விளிம்பில் பட்டிருந்தால் அந்த ரிம்மில் நெடுஞ்சாலைக்குப் போகக் கூடாது, பக்கச்சுவர் கிழியும்.

ஸ்டெப்னி பழைய இரும்பு ரிம்மாகவே இருக்கும். அதற்கான பழைய நட்டுகளை ஒரு பையில் போட்டு டிக்கியில் ஜாக்கியோடு வையுங்கள். வெளிச்சந்தை அலாயின் நட்டு இரும்பு ரிம்மில் சரியாகப் பிடிக்காமல் போகலாம்.